வாய் திறக்காத தையல்காரரும் ஒரு பல்சக்கரமும்

தையல்காரருக்குத் தெருவில் உள்ள அத்தனை பேருடைய இடுப்பளவும் அத்துபடி. யாருக்குத் தொப்பை போட்டது, யார் இளைத்தார் என்று ஒருவரிடமும் மூச்சு விடமாட்டார். கடையில் நல்ல பழக்கம்தான். அதை வீட்டிலும் கடைப்பிடித்ததில்தான் வம்பே வந்தது.

அவர் மனைவிக்குத் தபால் பிரிக்கும் வேலை. கோழி கிளறியது போன்ற கையெழுத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். விடுமுறை நாளில் அந்தக் கண்ணோடு பழைய இரும்புக் கடைகளுக்குள் நுழைவாள். துரு தின்று மிச்சம் வைத்த முத்திரையைத் தடவிப் பார்த்து, இது பீப்பாய் செய்கிறவரின் உளி, இது கண்ணாடி பதிக்கிறவரின் சுத்தியல் என்று சொல்லிவிடுவாள். கடைக்காரர்களே சந்தேகம் வந்தால் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. ஒவ்வொரு கருவிக்கும் கீழே அவள் கையால் எழுதிய சீட்டு. "துரு மகாராணி, கொஞ்சம் சாப்பிட வர்றீங்களா?" என்று தையல்காரர் கிண்டல் செய்வார். யாராவது விருந்தாளி வந்தால் காபி ஆறுவதற்குள் அந்த அலமாரி முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவதும் அவரேதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். கையில் மரப்பிடி போட்ட சின்னப் பல்சக்கரம்.

"என்னங்க! உங்க தொழில் சாமான்! பழைய காலத்து டிரேசிங் வீல்! துணியில உருட்டி அளவு குறிக்கிறது!"

தையல்காரர் வாங்கி உள்ளங்கையில் ஒரு முறை உருட்டினார். அவ்வளவுதான், தெரிந்துபோயிற்று. பல் ஒவ்வொன்றும் மொட்டை, இடைவெளியோ அகலம். சக்கரத்தின் கனத்துக்குச் சட்டையின் அக்குள் வளைவில் திரும்பவே திரும்பாது. பிடியில் பழைய மெழுகின் கறுப்பு. இது தோல் தைக்கிறவர் ஊசி இறங்க வேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்ளும் சக்கரம். ஆனால் அவள் முகத்தில் அப்போது இருந்த சிரிப்பு இருக்கிறதே!

"அடடே, ஆமா!" என்றார் மனுஷர். பாழாய்ப்போன அந்த ஓர் ஆமாவுக்கு மூன்று வருடம் வயதாகிவிட்டது.

இப்போது நகரக் காட்சிக்கூடத்தில், ஒரே ஒரு சேகரிப்பாளரின் இருபது கருவிகளுக்கு நிரந்தரமாக ஒரு கண்ணாடிப் பேழை ஒதுக்கப் போகிறார்கள். போன மாதம் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவரின் நாற்பது வருடச் சேகரிப்பு ஒரே ஒரு தப்பான சீட்டால் திரும்பி வந்தது. "ஒண்ணு தப்புன்னா மத்ததை எதை வெச்சு நம்புறது?" என்று கேட்டுவிட்டாராம் அங்கே தேர்வு செய்கிற அதிகாரியம்மா. இன்று பத்து மணிக்கு அவர் இந்த வீட்டுக்கு வருகிறார். மனைவி கொடுத்த பட்டியலில் முதல் பெயரே தையல்காரர் சக்கரம்.

ஒன்பதரைக்குத் தையல்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் அலமாரி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "மூணு வருஷமா தெரியுமா?"

"நீ சிரிச்சுட்டு நின்னே. கெடுக்க மனசு வரலை."

"சிரிப்பு போனா நாளைக்கு வரும்! வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் தப்பைச் சொல்லியிருக்கேனே! நான் தாங்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"இதை மட்டும் எடுத்து உள்ளே வெச்சிடலாமா? பத்தொன்பது இருக்கே..." என்று இழுத்தார் தையல்காரர்.

"இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தீங்க..." என்றாள். மிச்சத்தை அவள் கண்ணே சொல்லிற்று.

அதிகாரியம்மா வந்தார். தோளில் பழைய தோல்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் உட்காருவதற்கு முன்பே மனைவி சக்கரத்தை நீட்டினாள். "மேடம், முதல்ல இதைப் பாருங்க. நான் எழுதின சீட்டு தப்பு. இது துணிக்கு இல்லை, தோலுக்கு. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் தையல்காரர்.

"யார் சொன்னது?"

"என் வீட்டுக்காரர்."

"அவர் சொல்றது சரின்னு எப்படி நம்புறீங்க?"

"கல்யாணம் ஆனதிலிருந்து இன்னிக்குத்தான் முதல் தடவையா என்னைத் தப்புன்னு சொல்லியிருக்கார். சும்மா சொல்வாரா?"

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. தையல்காரர் தயங்கித் தயங்கி, "மேடம், உங்க பை கைத்தையல்தானே?" என்றார்.

"எங்க அப்பாவோடது. ஏன்?"

அவர் பையை வாங்கி, வாரின் ஓரத்தில் சக்கரத்தை வைத்து மெதுவாக உருட்டினார். ஒவ்வொரு தையல் துளையிலும் ஒவ்வொரு பல் இறங்கியது. ஒன்றுகூடப் பிசகவில்லை. அதிகாரியம்மா குனிந்தார், தானே வாங்கி இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார்.

மற்ற பத்தொன்பதையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கிடுக்கிப்பிடி போட்டுக் கேட்டார். மனைவி ஒவ்வொன்றுக்கும் முத்திரையையும் தேய்மானத்தையும் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னாள். தெரியாத இரண்டு இடத்தில் தெரியாது என்றாள். தையல்காரர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இவள் என் பெண்டாட்டி என்று ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கத்த வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"பேழை உங்களுக்குத்தான்" என்றார் அதிகாரியம்மா கடைசியில். "அந்தப் பழைய சீட்டை மட்டும் கிழிச்சுப் போட்டுடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

"கிழிக்க மாட்டேன் மேடம். தப்பான ஊருக்குப் போன தபாலை நாங்க கிழிக்கிறதில்லை. ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல சரியான விலாசம் எழுதி அனுப்புவோம்."

பேனாவை எடுத்தாள். தன் எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். அடியில் எழுதினாள்: தோல் தைப்பவரின் புள்ளிச் சக்கரம். சரியான இடம் சொன்னவர்: என் கணவர், தையல்காரர். வந்து சேர்ந்தது: மூன்று வருடம் தாமதமாக.

"ஏம்மா, ஊரே படிக்குமே. அந்தக் கடைசி வரி வேணுமா?" என்றார் தையல்காரர்.

"படிக்கட்டும்" என்றாள் அவள். "என் தப்பும் இருக்கு, உங்க தப்பும் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே கண்ணாடிக்குள்ள இருப்போம்."