கேமராமேன் எடுத்துக் கொடுத்த கேமரா

எழிலரசனுக்கு எல்லாப் பேச்சும் வரும், 'தெரியாது' என்கிற ஒரு சொல்தான் வாயில் வராது. திருப்பதியில் ஒரு செல்போன் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறவன். முகூர்த்த நாட்களில் ஆள் போதாவிட்டால் நண்பன் பிரவீன் அவனை லைட் பிடிக்கக் கூட்டிப்போவான். அப்படிப் போன ஒரு கல்யாணத்தில், எல்லோரும் பந்திக்குப் போன நேரம் பார்த்து, பிரவீனின் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து வாட்ஸாப் முகப்பில் வைத்துவிட்டான். அவ்வளவுதான். நகரியில் அவன் தங்கை ரோஹிணி வாழ்க்கைப்பட்ட தெரு மொத்தமும் அவனைக் கேமராமேன் ஆக்கிவிட்டது. "நான் லைட் பிடிக்கிறவன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பெயர் அவனுக்கு அத்தனை சுகமாக இருந்தது.

ரோஹிணியின் புருஷன் சந்திரசேகர் விசைத்தறி ஓட்டுகிறவன். தறியில் இறங்குகிற புடவைகளை அவள் செல்போனில் படம் எடுத்து வாட்ஸாப் குழுக்களில் போட்டு விற்றுவந்தாள். தொல்லை என்னவென்றால், அந்தப் போன் அரக்கை ரோஸாக்கும், மயில் கழுத்து நிறத்தை வெறும் பச்சையாக்கும். படத்தைப் பார்த்து வாங்கினவர்கள் பார்சலைப் பிரித்ததும் திருப்பி அனுப்பினார்கள். புடவை திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் மாமியார் மனோரமா, "வியாபாரம் பண்றா மகராசி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

நல்ல கேமரா இருந்தால் நிறம் சரியாக வரும் என்று ரோஹிணி புருஷனிடம் மன்றாடினாள். அவன் கடைசியில் ஒப்புக்கொண்டான், ஆனால் கறாராக. "இதான் கடைசி. இதுவும் ஆவலன்னா புடவ எல்லாம் பழையபடி மொத்த வியாபாரிக்கே போவும். அப்புறம் நீ வாயே தெறக்கக் கூடாது." அவள் தலையாட்டினாள். அவளுக்கென்ன பயம்? அண்ணன் கேமராமேன் ஆயிற்றே.

ஆயுத பூஜைக்கு முன்பு ஒரு நாள் புத்தூர் வழியாகப் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் அவளைக் கேமராக் கடைக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எழிலரசனுக்கு உள்ளூர உதறல்தான். ஆனாலும் ஒன்றைக் கையில் வாங்கி, எடை பார்ப்பவன் போல இரண்டு முறை தூக்கிப் பார்த்து, "கிரிப் நல்லாக்குது" என்றான். கல்யாண வீடுகளில் காதில் விழுந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டான். விற்பனையாளனுக்கு மரியாதை கூடிப்போயிற்று. தொழில்காரர் வந்திருக்கிறார் என்று நம்பிவிட்டான், பாவம்.

இருப்பதிலேயே மலிவானது எது என்று கேட்டதும் அவன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். "பாடி மாத்ரமே தீஸ்கோண்டி சார், சால தக்குவ. லென்ஸ் மீ தக்கர உந்தி கதா?" பாடி, அதாவது கேமராவின் உடல் மட்டும் எடுத்துக்கொண்டால் விலை ரொம்பக் குறைவு, லென்ஸ்தான் உங்களிடம் இருக்குமே என்கிறான்.

எழிலரசன் கணக்குப் போட்டான். கல்யாணத்தில் பிரவீன் மாற்றி மாற்றி மாட்டுவானே, நீளமான குழாய்கள், அவைதான் லென்ஸ். கிட்டத்தில் எடுக்கிற சின்னக் கண் கேமராவுக்குள்ளேயே இருக்கும். பிறகென்ன? "உந்தி, உந்தி" என்றான், இருக்கிறது என்று.

ரோஹிணி அண்ணனின் முழங்கையைத் தொட்டாள். "ண்ணா, அந்த போட்டோவுல உன் கழுத்துல இருந்ததுக்கு முன்னாடி ஒன்னு நீட்டிக்கினு இருந்துதே. இதுல இன்னா மொட்டையா மூடி மட்டும் இருக்குது?"

நியாயமான கேள்வி. விற்பனையாளனிடம் திருப்பிக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது தங்கை இப்படிக் கேட்டது எழிலரசனுக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் தூரத்துலேர்ந்து எடுக்கறதுக்கு. புடவைக்கு எதுக்கு அது? தெரியாத விஷயத்துல மூக்க நுழைக்காத, சும்மா இரு" என்று அதட்டினான்.

"சாருக்குத் தெலுசு லேம்மா", அவருக்குத் தெரியும் என்று விற்பனையாளன் சிரித்தான். ரோஹிணியும் சிரித்து வைத்தாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். "பூஜை அன்னிக்கு நீ வந்துதாண்ணா தெறக்கணும், அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடியே தொடவில்லை. ஆயுத பூஜையன்று தறிகள் ஓய்ந்திருந்தன. கழுவித் துடைத்த தறிகளுக்கும் ஊடு நூல் ஓட்டும் நாடாக்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் ஒரு பலகை போட்டு, கேமராவையும் பூவோடு உட்கார வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை நாளில் எந்தக் கருவிக்கும் மூடி இருக்கக் கூடாது. தறி மோட்டாரின் தகரத்தைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். மூடி போட்டிருந்தால் சாமி கண் பார்க்காதாம்.

"தம்பி, அதோட மூடிய எடுத்துடு. கண்ணு தெறந்து இருக்கணும்" என்றாள் மனோரமா.

எழிலரசன் எல்லோரும் பார்க்கும்படி மூடியைத் திருகி எடுத்தான். மனோரமா பயபக்தியோடு திறந்த வட்டத்தின் மேல்விளிம்பில் சந்தனம் தீற்றி, அதன்மேல் ஒரு சிட்டிகை குங்குமத்தை அழுத்தினாள். பாதி பொட்டானது, பாதி உள்ளே உதிர்ந்தது. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். "இப்போ மொதப் படம் எடுங்க மச்சான்" என்றான் சந்திரசேகர்.

எழிலரசன் தறியைப் பார்த்து அமுக்கினான். சடக் என்றது. எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். பால் கொட்டினது போல ஒரே வெள்ளை. மறுபடி அமுக்கினான். மறுபடி வெள்ளை, ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கறை. "செட்டிங்ஸ்" என்று முணுமுணுத்தபடி கேமராவோடு தறிக்குப் பின்னால் போய் பிரவீனுக்குப் போன் போட்டான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு பிரவீன் விழுந்து விழுந்து சிரித்தான். "லென்ஸே இல்லாம எடுத்தியாடா? டேய், அந்தக் கண்ணு தனியா வாங்கணும்டா! சரி சரி, மூடிய மட்டும் தெறந்துடாத. உள்ள தூசி கீசி போச்சுன்னா கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டான்."

எழிலரசன் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்த சின்னக் கண்ணாடியெல்லாம் குங்குமம். வாயால் ஊதினான், அது இன்னும் உள்ளே போயிற்று. கடையில் தங்கையை அதட்டினது அப்போதுதான் காதில் திரும்பக் கேட்டது.

திரும்பி வந்தான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான், சத்தியமாகத் திறந்தான். அதற்குள் ரோஹிணி முந்திக்கொண்டாள். அண்ணன் முகத்தைப் படிக்க அவளுக்குத் தெரியாதா? கடைக்காரன் லென்ஸைப் பற்றிக் கேட்டதும் அவளுக்கு மறந்துவிடவில்லை.

"இதுக்கு முன்னாடி மாட்டறதுக்கு லென்ஸ்னு ஒன்னு தனியா வாங்கணுமாம். அண்ணன் கடையிலயே சொன்னாரு. நான்தான் காசு மிச்சமாவுமேன்னு வேணாம்னுட்டேன்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. "அதான பாத்தேன், கேமராமேனுக்குத் தெரியாமலா?" என்றார் பக்கத்து வீட்டு நாகபூஷணம். மனோரமா கற்பூரத் தட்டை டக்கென்று கீழே வைத்தாள். "பொறந்தவன் படிச்சுப் படிச்சு சொல்லியும் கேக்கலியே! உனக்கெல்லாம் வியாபாரம் ஒரு கேடு."

சந்திரசேகரின் முகம் கறுத்துவிட்டது. "மச்சான், நீங்க சொல்லியுமா இவ கேக்கல?"

எழிலரசன் ரோஹிணியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல அவனுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அவன் மெல்லத் தலையை ஆட்டினான், ஆமாம் என்று.

"முடிஞ்சுது. நாளையிலேர்ந்து புடவ எல்லாம் மொத்த வியாபாரிக்கு" என்றான் சந்திரசேகர்.

கொஞ்ச நேரம் கழித்து ரோஹிணி ஒரு தட்டில் சுண்டலும் பொரியும் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினாள். "துன்னுண்ணா."

"ரோஹிணி, நான் இப்பவே மாப்பிள்ளகிட்ட உள்ளதச் சொல்லிடறேன். லென்ஸும் நான் வாங்கித் தரேன். ரிப்பேரும் பண்ணித் தரேன்."

"வேணாம்ணா. நீ இப்போ சொன்னா, நான் சபையில பொய் சொன்னவ ஆயிடுவேன். திட்டு வாங்கறது எனக்குப் பழக்கம்தான்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை அறுத்தது. "லென்ஸ் வாங்கி இன்னா பண்றது? இனிமே எடுக்கறதுக்கு என்கிட்ட புடவ எங்க இருக்குது?"

அதற்குள் நாகபூஷணம் கூப்பிட்டார். நல்ல நாளும் அதுவுமாக எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமாம், போனிலேயே எடுத்தால் போதுமாம். ரோஹிணியின் போனைக் கேமராமேன் கையில் கொடுத்தார்கள். தறிகளுக்கு முன்னால் எல்லோரும் நெருங்கி நின்றார்கள். ரோஹிணி ஓரமாக வந்து நின்று, அவன் சொல்வதற்கு முன்பே சிரித்தாள்.

திரையில் அவள் புடவை ரோஸாகத் தெரிந்தது. அவள் கட்டியிருந்தது அரக்கு.

"நல்லா வந்துச்சா மச்சான்?" என்று சந்திரசேகர் கேட்டான்.

வந்தது என்று எழிலரசன் சொன்னான்.