ராங் நம்பர் என்று சொன்ன பிள்ளை

1.

இந்தக் கதையை நானே யோசித்தேன் என்று பீற்றிக்கொள்ள வழியில்லை. ஒரகடத்தில் பகல் ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வடக்குப்பட்டு அருகே நர்ஸ் ஷெர்லின் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார். கதை அங்கே ஏறிக்கொண்டது.

தொடக்கம் இப்படி எழுதினேன்: "மாலைச் சூரியன் தொழிற்சாலைக் கூரைகளின் மேல்..." (அடித்துவிட்டேன். பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. சூரியனுக்கு இங்கே என்ன வேலை?)

2.

பிள்ளை கவிப்பிரியா, ஏழாம் வகுப்பு. கம்பெனியில் என் லைனில் வேலை பார்க்கும், அதே பஸ்ஸில் வரும் மஞ்சுளாவின் மகள். ஓடினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள்; சோம்பேறி என்றுதான் மஞ்சுளா திட்டுவாள். பள்ளிக்கு வந்த அரசு மருத்துவக் குழு மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்டுபிடித்தது. ஸ்கேன், சென்னை ஆஸ்பத்திரி, ஆபரேஷனுக்கு அனுமதி என எல்லாவற்றுக்கும் அந்தக் குழுவின் நர்ஸ் ஷெர்லின் கூடவே அலைந்தார்.

(அரசாங்கத்தைத் திட்டியே பழகிய கை. பாராட்ட வார்த்தை தேட வேண்டியிருக்கிறது.)

3.

"இன்னா நர்ஸம்மா, இன்னா ஆச்சு?" மஞ்சுளா பதறி இறங்கினாள்.

"நாளைக்கே ஆப்ரேஷன். இன்னிக்கே சேக்கணும். ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணா யாரோ பொண்ணு ராங் நம்பர்னு சொல்லி வெச்சிடுதாம். உன் போன் எங்க கீது?"

"வூட்லதான். கம்பெனி உள்ள வுடமாட்டான்ல? இன்னிக்கு ஸ்கூல் லீவு, கவி கைலதான்..."

சொல்லிவிட்டு மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

(நர்ஸிடம் ஒரு குறையாவது வை, அப்போதுதான் நம்புவார்கள் என்றான் நண்பன் சுப்பராயன். "ஷெர்லின் எரிச்சலுடன்..." என்று ஆரம்பித்தேன். எரிச்சல் இருந்தது நிஜம், எங்கள் டிரைவரிடம் கத்தினார். பிள்ளையிடம் அந்தக் குரல் இல்லை. நான் என்ன செய்ய?)

4.

வீட்டுக் கதவை உள்ளே தாழிட்டிருந்தாள் கவிப்பிரியா. ஷெர்லின் வாசலில் குந்திக்கொண்டார்.

"பயமா கீதா கவி?"

"நெஞ்ச அறுப்பாங்களா ஆன்ட்டி?"

"ஆமாம்மா. தூங்க வெச்சிட்டுத்தான். முழிச்சதும் வலிக்கும். மருந்து குடுப்பாங்க, கொறையும்."

"வலிக்காதுன்னு சொன்னாங்க அம்மா."

"அம்மாவுக்கும் பயம்."

தாழ் விலகியது. போனை அம்மாவிடம் நீட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

5.

முடிவு ஒன்று: கவிப்பிரியா பள்ளி மைதானத்தில்...

முடிவு இரண்டு...

வேண்டாம். இதை எழுதும்போது அவள் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறாள். வெளியே பெஞ்சில் மஞ்சுளாவும் ஷெர்லினும் நானும். உள்ளே இருப்பவர்கள் தங்கள் வேலையை முடிக்கட்டும். நீங்கள் மட்டும் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். தள்ளி உட்காருகிறோம், இடம் இருக்கிறது.