ஆறாவது கேள்விக்கு ஒரு தலையசைப்பு

ஒரு மனிதரின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆறே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம் என்று தலைநகர் சோபியாவில் உட்கார்ந்திருந்த சில படித்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கிற வேலைதான் நெவேனாவுக்குக் கிடைத்திருந்தது. இருபத்தாறு வருடம் வார்டு நர்ஸாக இருந்தவள். ஊர் ஆஸ்பத்திரியை மூடிய பிறகு வேறு வேலை எதுவும் அமையவில்லை. மாவட்டத்தில் ஆளே இல்லை, எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் தாளை நீட்டி, தூக்கம் வருதா, பயமா இருக்கா என்று கேட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்வந்தாள்.

வேலை எளிதானதுதான். முதலில் ஆறு கேள்வித் தாளை நிரப்ப வேண்டும். மூன்று நாளைக்குள் டாக்டர் டோன்செவ் அதே ஆளின் வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார். தாள் சொன்னதும் டாக்டர் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று கடைசியில் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் நாடு முழுக்க எல்லா டாக்டர் மேசையிலும் இந்தத் தாள் இருக்கும். ஆனால் தாளில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் நெவேனா அங்கேயே கவரில் போட்டு ஒட்டிவிடுவாள்.

ஒரே ஒரு விதிவிலக்கு ஆறாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது அது. அதற்கு ஒருவர் ஆமாம் என்றால் கவரும் கிடையாது, மூன்று நாளும் கிடையாது. டாக்டர் அன்றைக்கே அந்த வீட்டில் இருக்க வேண்டும். இதை எல்லோருக்கும் முதலிலேயே படித்துக் காட்டிவிட வேண்டும் என்பது விதி. நெவேனா நூற்றுப் பதினாறு பேருக்குப் படித்துக் காட்டியிருந்தாள். நூற்றுப் பதினேழாவது ஆள் கெர்கினா.

கோர்னி பிரெஸ்த் கிராமத்துப் படிப்பகத்தில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல கம்பளிக் கோட்டும் கைப்பையுமாக வந்து உட்கார்ந்தாள் கெர்கினா. அறுபத்தோரு வயது. கல்யாணத்துக்குக் கிளம்பியவளைப் போல உதட்டுச் சாயம் வேறு.

"கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்மா. நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க. இத்தாலில பதினாலு வருஷம் கிழவிங்களுக்கு நான்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். இப்ப எனக்கு ஒருத்தர் படிக்கட்டும்."

"எத்தனை கிழவிங்கக்கா?"

"நாலு. நாலையும் மேல அனுப்பி வச்சுட்டுத்தான் திரும்பி வந்தேன்."

நெவேனா சிரித்துவிட்டாள். கெர்கினா சிரிக்கவில்லை. வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வருகிற பெண்கள் எல்லோருமே இப்படி முகத்தை மாற்றாமல்தான் பேசுவார்கள் என்று நெவேனா எடுத்துக்கொண்டாள். போன் நம்பர் கேட்டபோது, "யாரு கூப்பிடப்போறா? கோடு போட்டுருங்க" என்றாள் கெர்கினா. நெவேனாவும் கோடு போட்டாள்.

வழக்கமான முன்னுரையைப் படித்தாள். எல்லார் வீட்டுக்கும் மூணு நாளைக்குள்ள டாக்டர் வருவார். ஆறாவது கேள்விக்கு ஆமான்னு சொல்றவங்க வீட்டுக்கு இன்னிக்கே வருவார்.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான்."

தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும் கெர்கினா வாயைத் திறந்தாள். "மூணு மணிக்கு முழிப்பு வந்துரும்மா. கிழவிக்கு மாத்திரை குடுக்கிற நேரம் அது. கிழவி போயே ஒரு வருஷம் ஆச்சு. யாருக்கு எந்திரிக்கிறேன்னே தெரியலை." தினமும் என்ற கட்டத்தில் நெவேனா குறி போட்டாள். மூன்று மதிப்பெண்.

அதற்கப்புறம் கெர்கினா பேசவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்துச்சா? தலையை அசைத்தாள். சோகமா இருந்துச்சா? அசைத்தாள். கவலையை நிறுத்த முடியாம? அசைத்தாள். ஏதோ கெட்டது நடக்கப்போகுதுன்னு பயம்? அசைத்தாள்.

எங்கள் நாட்டில் ஆமாம் என்றால் தலை பக்கவாட்டில் ஆடும். இல்லை என்றால் மேலும் கீழும். உலகமே நேர்மாறாக ஆட்டுகிறது என்று எங்களைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்தத் தலையைப் படிப்பதில் நெவேனாவை மிஞ்ச ஆள் கிடையாது. வாயில் குழாய் செருகிய நோயாளிகளிடம் இருபத்தாறு வருடம் தலையசைப்பை வைத்தே பேசியவள். கெர்கினாவின் தலை மேலும் கீழும் போனது. பேனா பூஜ்யம், பூஜ்யம் என்று ஓடியது.

"கடைசிக் கேள்விக்கா. செத்துப்போனா தேவலைன்னு இந்த ரெண்டு வாரத்துல தோணுச்சா?"

கெர்கினா கொக்கியை மூடினாள். தலை மேலும் கீழும் அசைந்தது, மெதுவாக, இரண்டு முறை.

பூஜ்யம். மொத்தம் மூன்று. ஐந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும். நெவேனா கவரை ஒட்டினாள். நல்லவேளை, இந்த அம்மாவுக்குத் தூக்கம் மட்டும்தான் பிரச்சினை என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் கெர்கினா.

"அவ்வளவுதான்கா. டாக்டர் வந்து மிச்சத்தப் பேசுவார்."

"கேட்டுல மணி அடிக்காது, தட்டச் சொல்லுங்க. நாய் கிடையாது. காப்பி குடிப்பாரா?"

"அவரா? குடுத்தா நாலு கப் குடிப்பார். சர்க்கரைதான் தாங்காது, அள்ளி அள்ளிப் போட்டுக்குவார்."

அப்போதுதான் கெர்கினா சிரித்தாள். எழுந்து, நெவேனாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றாள். தனியாகக் கிடக்கிற பொம்பளை, வியாழக்கிழமை ஒரு ஆள் பேச வருகிறான் என்றதும் இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்று நெவேனா உருகிப்போனாள். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்ததும் மறந்தும் போனாள்.

புதன்கிழமை காலை. டவுனில் பேக்கரி வாசலில் வரிசை. முன்னால் நின்ற ஆள் ஸ்பெயினில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவன். கல்லாவில் இருந்தவள் பை வேணுமா என்று கேட்டாள். அவன் மேலும் கீழும் தலையை ஆட்டினான். அவள் பானிட்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைச் சுடச்சுடத் தாளோடு அவன் கையில் திணித்தாள். வெண்ணெய் வழிந்து சட்டையில் சொட்டியது.

"பை கேட்டேனேம்மா!"

"எங்க கேட்டீங்க? வேணாம்னு தலைய ஆட்டுனீங்க!"

"வேணும்னுதான் ஆட்டுனேன்!"

"எந்த நாட்டுத் தலைய வச்சுக்கிட்டு என் கடைக்கு வர்றீங்க? நாக்கு என்ன அங்கேயே அடகு வச்சுட்டு வந்தீங்களா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அவனும் அசடு வழிந்தான். "பத்து வருஷம்மா. அங்க இப்படி ஆட்டலேன்னா யாருக்கும் புரியாது. இப்ப இங்க யாருக்கும் புரியலை."

நெவேனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கெர்கினாவின் தலை நினைவுக்கு வந்தது.

இல்லை என்கிறபோது நம் தலை மேலேதான் முதலில் போகும். தாடை எகிறும், நாக்கு 'ச்சு' என்று கொட்டும். கெர்கினாவின் தாடை எகிறவில்லை. நாக்கும் கொட்டவில்லை. தலை கீழேதான் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கீழேதான் விழுந்தது. பதினாலு வருடம் நாலு கிழவிகளுக்கு ஆமாம் ஆமாம் என்று ஆட்டிப் பழகிய தலை. தலையைப் படிப்பதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று இருபத்தாறு வருடம் மார்தட்டிக்கொண்டவளுக்கு இது கண்ணில் படவில்லை.

எதுவும் வாங்காமல் வரிசையை விட்டுக் காருக்கு ஓடினாள். ஓட்டிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நூத்திப் பதினேழு..."

"சொல்லாதே! நாளைக்கு நான் அங்க போறேன். எனக்கு எதுவும் தெரியக்கூடாது நெவேனா, எத்தனை தடவ சொல்றது? ஒரு ஆள் போனா மொத்தக் கணக்கும் கெடும்."

"கணக்கு நாசமாப் போகட்டும்! ஆறாவது கேள்விக்கு ஆமான்னு சொல்லியிருக்கா. நான் இல்லைன்னு போட்டுட்டேன். இத்தாலித் தலை டாக்டர். அவ ஆட்டுனது இத்தாலித் தலை."

"என்னிக்கு?" என்றார்.

"திங்கக்கிழமை."

"போ. நானும் கிளம்பறேன்."

கோர்னி பிரெஸ்த்துக்கு நாற்பது நிமிடம். இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டாள். கோயில் பக்கம் போய்ப் பல வருடம் ஆனவள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், நடந்தே வந்து ஏற்றுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். வீட்டில் இருக்கட்டும், அடுப்பில் ஏதாவது வைத்துக்கொண்டு இருக்கட்டும், கேட்டைத் தட்டினால் வந்து திட்டட்டும். கெர்கினாவின் வாயிலிருந்து ஒரு திட்டு கேட்டால் போதும் என்று இருந்தது.

எங்கள் கிராமங்களில் இறந்தவர் படம் போட்ட தாள் ஒட்டாத கேட் குறைவு. கெர்கினாவின் பச்சைக் கேட்டிலும் ஒன்று இருந்தது. புருஷனுடையது. பத்தாம் ஆண்டு நினைவு, வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக இன்னொரு தாள். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். உதட்டுச் சாயம் பூசிய வாய், மூடிய வாய். பசை இன்னும் முழுதாகக் காயவில்லை.

நெவேனா கேட்டைத் தட்டினாள். தாளைப் பார்த்த பிறகும் தட்டினாள்.

பக்கத்து வீட்டுக் கிழவர் நைடென் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். "தட்டி என்னம்மா ஆகப்போகுது? நேத்துக் காலைல நான்தான் பாத்தேன். மதியம் அடக்கம். சொந்தமா?"

கிழவருக்குப் பேச ஆள் கிடைத்ததே போதுமாக இருந்தது.

"திங்கக்கிழமை அவ்வளவு சந்தோஷமா இருந்தாம்மா. ஊருக்கு வந்து ஒரு வருஷம், இப்படி நான் பாத்ததே இல்ல. வாசலைக் கூட்டினா, படியத் தேய்ச்சுக் கழுவினா. என்ன கெர்கினா, மாப்பிள்ளை வர்றாரான்னு கேலி பண்ணேன். டாக்டர் வர்றாரு நைடென், இன்னிக்கே வர்றாங்களாம், என்கிட்டப் பேசத்தான் வர்றாங்களாம்னா. எங்கிட்ட வந்து சர்க்கரை வாங்கிட்டுப் போனா. நாலு கப் காப்பி குடிப்பாராமே அந்த மனுஷன். அதெல்லாம்கூட விசாரிச்சு வச்சிருந்தா."

வேலிக்கம்பியை நெவேனா பிடித்துக்கொண்டாள்.

"கோட்டுப் போட்டுக்கிட்டு இந்தக் கேட்டுக்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்தா. இந்தத் தெருவுல ஒரு நாளைக்கு எத்தனை வண்டிம்மா வரும்? அஞ்சு? ஆறு? ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சு நின்னா. ரொட்டி வண்டிக்குக்கூட எந்திரிச்சு நின்னா. குளிருது உள்ள போன்னேன். மணி அடிக்காது நைடென், தட்டினா எனக்குக் கேக்காமப் போயிட்டா அப்படின்னா."

கிழவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இருட்டுற நேரத்துல வந்து சர்க்கரையத் திருப்பிக் குடுத்தா. பிரிக்கவே இல்ல பொட்டலத்த. வரலை நைடென்னா. பாவம், அவங்களுக்கு எத்தனை வேலையோன்னா. கோபமே இல்ல அவளுக்கு. கோபப்பட்டிருந்தா நான் கொஞ்சம் உஷாரா இருந்திருப்பேன்."

தெருமுனையில் டாக்டரின் கார் திரும்பியது. கிழவர் அதைப் பார்த்தார், பிறகு நெவேனாவைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நீங்கதானா வர்றேன்னு சொன்ன டாக்டரு?"

"இல்லைய்யா. நான் கேள்வி கேட்டவ."

"அப்படி என்ன கேட்டீங்க அவகிட்ட?"

நெவேனா சொன்னாள். ஆறாவது கேள்வியை, தாளில் இருக்கிறபடியே, ஒரு சொல் மாறாமல் சொன்னாள்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"ஆமான்னு சொன்னா" என்றாள் நெவேனா.