ஒன்பதாவது தட்டில் தர்பூசணி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சமையலறை ஜன்னல் வழியாக. பக்கத்து வீட்டுப் பங்காரம்மாவின் முற்றத்தில் எது நடந்தாலும் அதில் தெரியும். ஜன்னலை அந்தப் பக்கம் வைத்தது மேஸ்திரி, நானல்ல.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தொண்ணூற்றாறு சித்திரை. பீளமேடே வெயிலில் வெந்து...’ வெயில் எல்லாக் கதையிலும்தான் அடிக்கிறது. விடுங்கள்.

2

பங்காரம்மாவின் மகள் பூஜிதாவுக்கு அன்று நிச்சயதார்த்தம். இரண்டு இடம் தட்டிப்போன பிறகு அமைந்த மாப்பிள்ளை. மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளை வீட்டாரின் வேன் வாசலில் நின்றபோதுதான் பங்காரம்மா சீர்த்தட்டை எண்ணிப் பார்த்தாள். எட்டு. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும்.

விருந்தாளிகளுக்கு அறுத்துத் தர ஒரு தர்பூசணி வாங்கியிருந்தார்கள். (அந்தக் கோடையில் விசேஷ வீடுகளில் அதுதான் மரியாதை. பொடி கரைத்த ஜூஸ் கொடுத்தவர்களைப் பற்றி நாங்கள் தெருவில் பேசிக்கொண்டோம்.) அதைத் தூக்கி ஒன்பதாவது தட்டில் வைத்தாள். மொட்டையாக இருக்கிறதே என்று மஞ்சள் தடவி, உச்சியில் தாராளமாகக் குங்குமமும் அப்பினாள்.

(இவ்வளவு விவரமானவள் இதைச் செய்வாளா? வேறொரு பங்காரம்மாவை உண்டாக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் செய்தாள். பார்த்தேன்.)

3

மாப்பிள்ளையின் அம்மா கனகம் தட்டுகளை வரிசையாகப் பார்த்து வந்து ஒன்பதாவதில் நின்றாள். உருண்டை, பச்சை, தலை நிறையக் குங்குமம். திருஷ்டி கழித்து முச்சந்தியில் உடைக்கிற பூசணிக்காய்க்கு ஒரு குறையுமில்லை.

“ஏனுங்க, எங்களுக்குச் சுத்திப் போடறதுக்குங்களா?”

குரல் உயரவேயில்லை. உயர்ந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

பங்காரம்மா தட்டருகே ஓடி வந்தாள். குங்குமத்தைத் துடைப்பதா? நல்ல நாளில் அதைச் செய்வார்களா. தட்டை எடுத்தால் எட்டு. அறுத்தால், அறுத்த பழம் சீரில் சேர்த்தியில்லை, மறுபடியும் எட்டு. மூன்றாவது இடமும் போகப்போகிறது. புருஷன் நரசிம்மலுவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். கரண்ட் இல்லாமல் அது நின்றுகொண்டிருந்தது.

தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய பூஜிதா நிமிர்ந்தாள்.

“வெயில்ல வந்திருக்கீங்க அத்தை. அதை அறுத்துத் தரட்டுங்களா?”

கனகம் வாயைத் திறந்தாள்.

என் அடுப்பில் பால் பொங்கியது.

4

அணைத்துவிட்டு வந்து பார்த்தால் ஆளுக்கொரு கீற்று. முற்றமெல்லாம் விதை. கனகத்தின் பட்டுச்சேலையில் சாறு.

யார் அறுத்தது? பங்காரம்மா என்று ஒரு முடிவு எழுதினேன். கனகமே கத்தியை வாங்கி... என்று இன்னொன்று. நிச்சயப் புடவையோடு பூஜிதா அறுத்தாள் என்பது மூன்றாவது. இதுதான் எனக்குப் பிடித்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

விசாரிக்காமலும் இல்லை. “சம்மந்தியம்மாதானுங்க அறுத்தாங்க” என்கிறாள் பங்காரம்மா. “அவங்கதான் அறுத்துப்போட்டாங்க, நாங்க பெரிய மனசு பண்ணித் தின்னோமுங்க” என்கிறாள் கனகம். பேரனின் காதுகுத்தில்கூட, அவனை ஆளுக்கொரு மடிக்கு மாற்றிக்கொண்டே இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

யார் பெயரைப் போட்டாலும் அவள் என்னோடு பேசமாட்டாள். உங்களுக்கு அந்தப் பயமில்லை. மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: அன்று அந்தத் தர்பூசணியை அறுத்தது