கிளட்ச் திறந்த நேரம்

அக்கா இறந்த இருபத்தோராம் நாள், அத்தானுடைய காரிலிருந்து எடுத்த பதிவுக் கோப்பை அவன் ஆள் பிடித்து வாங்கினான். அது அவன் கைக்கு வரக்கூடாத கோப்பு. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விபத்தை நீ தொடவே கூடாது என்று, அந்தக் காரைச் செய்த, அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் சோதனை ஓட்டுநரைப் பிடித்தான். தொழிற்சாலையில் அவருக்குப் பட்டப்பெயர் பஞ்சு. நிரம்பிய காபிக் கோப்பையை டாஷ்போர்டில் வைத்தாலும் ஒரு சொட்டு சிந்தாமல் ஓட்டுவார்.

"எதுக்கு உனக்கு இது?" என்றார் பஞ்சு, பென் டிரைவை விரல்களுக்குள் மூடிக்கொண்டு.

"அந்தாளு கால் என்ன பண்ணுச்சுன்னு பாக்கணும்."

"அத்தான்னு சொல்லேன். நேத்து வரைக்கும் வாய் நிறைய அத்தான்."

"குடுங்கண்ணே."

நடந்தது ஊருக்கே தெரியும். கடைவளாகத்தின் நிலத்தடி நிறுத்தத்திலிருந்து மேலே ஏறும் சரிவில் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. மகளுக்குக் குளிர்கிறது என்று ஸ்வெட்டர் எடுக்க அக்கா இறங்கி டிக்கிப் பக்கம் போனாள். கார் பின்னால் உருண்டது. பின்னால் இன்னொரு கார். நடுவில் அக்கா. இன்ஜின் அலறியதை வரிசையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். பின்சீட்டில் இருந்த பத்து வயது மகளும் கேட்டாள். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார் என்பதுதான் எல்லோர் பேச்சும்.

"பிரேக்கைத்தான் மிதிச்சேன்னு நினைக்கிறேன்" என்று அத்தான் சொன்னார். அந்த 'நினைக்கிறேன்' அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மயானத்தோடு பேச்சை நிறுத்திவிட்டான். பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். அப்பா போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. எடும்மா என்று அவனும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்தக் காரின் கியர்பெட்டி அவன் கை பட்டது. இரண்டு கிளட்ச் உண்டு, கிளட்ச் மிதி கிடையாது. எப்போது பிடிப்பது, எவ்வளவு வழுக்கவிடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். அந்தக் கணினிக்கு எண்களைச் சொல்லிக்கொடுப்பதுதான் எட்டு வருடமாக அவன் சோறு. சரிவில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டராலேயே காரை நிறுத்திவைத்தால் கிளட்ச் தேய்ந்து சூடாகும். ஓர் அளவு தாண்டினால் பீப் ஒலித்து, பிரேக்கை அழுத்தச் சொல்லும். அதற்கும் மேலே போனால், கருகிவிடாமல் இருக்க, கிளட்ச் தானாகத் திறந்துகொள்ளும். அப்போது இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது.

கோப்பைத் திறந்ததும் ஆக்சிலரேட்டர் கோட்டைத்தான் தேடினான். இருந்தது. நூறு சதவீதம், அடிவரை மிதித்த மிதி. மாட்டினார் என்று நினைத்தான். பிறகு, வேலைப் பழக்கத்தில், கண் கீழே இருந்த கிளட்ச் கோட்டுக்குப் போனது.

கிளட்ச் முதலில் திறந்திருந்தது.

ஐம்பத்தொரு விநாடி அத்தான் காரை ஆக்சிலரேட்டரிலேயே பிடித்து வைத்திருந்தார். சூடு ஏறி, கிளட்ச் திறந்து, கார் பின்னால் நழுவியது. அதுவரை எந்த மிதி காரைத் தாங்கியதோ அதையே அந்தக் கால் இன்னும் அழுத்தியது. இன்ஜின் அலறியது, சக்கரத்துக்கு ஒன்றும் போகவில்லை. ஒன்றரை விநாடி கழித்துக் கால் பிரேக்குக்கு மாறியிருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பீப் எங்கே என்று தேடினான். கிளட்ச் திறந்து முக்கால் விநாடிக்குப் பிறகு ஒலித்திருந்தது.

ஏன் தாமதம் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. போன வருடம் வெள்ளோட்டத்துக்குக் காரை எடுத்துப்போன வாடிக்கையாளர்கள், நெரிசலில் இந்த பீப் கொசு மாதிரி காதைச் சுற்றுகிறது என்று புகார் சொன்னார்கள். சூடு நான்கு விநாடி தொடர்ந்து இருந்தால் மட்டும் ஒலி என்று அவன் மாற்றினான். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவன் பெயரும் தேதியும் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் 'வாடிக்கையாளர் வசதி' என்று எழுதியிருந்தான். சரிவில் முந்நூறு முறை சோதித்தார்கள். ஒரு முறைகூடக் கிளட்ச் திறக்கும் வரை போகவில்லை.

பஞ்சுவைத் தேடிப் போனான்.

"அண்ணே, சரிவுச் சோதனையில பிரேக்கைத் தொடாதீங்கன்னு தாள்ல எழுதியிருந்தேன்ல?"

"தொடலயே. வாசன வர்ற வரைக்கும் தொடல."

"வந்ததும்?"

"கால் தானா போயிடும். கிளட்ச் கருகறது தெரிஞ்சும் மிதிச்சுக்கிட்டு நிக்க நான் என்ன மரக்கட்டையா?" சிரித்தவர் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்னப்பா?"

ஏழு ஓட்டுநர்கள். ஏழு பேருமே கிளட்ச் மிதித்து வளர்ந்தவர்கள். பக்கத்து சீட்டில் மடிக்கணினியோடு அவன் வேறு சூட்டைப் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். அத்தனை பேர் காலும் கெட்டிக்காரக் கால்கள். அந்தக் கால்கள் அவனுடைய எண்ணைக் காப்பாற்றிவிட்டன. அத்தானுக்குக் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று சொல்லித்தான் அந்தக் காரை விற்றார்கள்.

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். "ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார்னு அறிக்கையில இருக்கு. அது பொய்யா?"

"பொய்யில்ல சார். அதுக்கு முந்தின வரிய விட்டுட்டாங்க."

"அந்த வரியில உன் பேர்தான் இருக்கு."

"அதுக்குத்தான் வந்தேன்."

"துக்கத்துல இருக்க. ஒரு வாரம் லீவு போடு."

அவன் இருக்கைக்குத் திரும்பி, கோப்பையும் தன் பெயருள்ள அந்த வரியையும் சேர்த்து, கம்பெனியின் வாகனப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பினான். இதே எண்ணோடு நாற்பதாயிரம் கார் ஓடுகிறது என்று கடைசியில் எழுதினான். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. மதியத்துக்கு மேல் அவன் கடவுச்சொல் வேலை செய்யவில்லை.

அத்தான் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் இரண்டு தடித்த புத்தகங்கள், மிதிகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில். வலது கால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ப் போய் வந்தது. அவனைப் பார்த்தும் அவர் அதை மறைக்கவில்லை.

"வா. சாப்டியா?"

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அறைவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான்.

"அப்போ நான் மொதல்ல பிரேக்கை மிதிக்கல" என்றார் அத்தான்.

"யாரா இருந்தாலும் அதத்தான் அத்தான் மிதிச்சிருப்பாங்க."

"யாரா இருந்தாலும்னு சொல்லாத. என் கால்." வலது கால் ஒரு புத்தகத்தின் மேல் நின்றது. "நீயும் பங்குக்கு வந்தா எனக்குப் பாரம் பாதியாகும்னு நினைச்சியா?"

"இல்ல."

"பாப்பாகிட்ட சொல்லிடாத. உன் வீட்லயாவது நாலு வாய் சாப்பிடறா, தூங்கறா. அதையும் கெடுத்துடாத."

இதற்கு அவன் தயாராக வரவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே ஆயுசுக்கும் காலம் தள்ளிவிடலாம். கேட்டால், அத்தான்தான் வேண்டாம் என்றார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அவ உங்கள வெறுக்கறதப் பாத்துக்கிட்டு நான் சும்மா இருந்தேன் அத்தான். கிளம்புங்க."

பிள்ளை சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் நோட்டை மூடி எழுந்தாள்.

"உக்காரும்மா. மாமா பேசி முடிச்சப்புறம் போ."

எளிய சொற்களில், எதையும் மழுப்பாமல் சொன்னான். அடுப்பங்கரை வாசலில் அவன் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். பிள்ளை மேசையைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டாள்.

"பீப் ஏன் லேட்டா வந்துச்சு?"

"மாமாதான் லேட்டா வச்சேன்."

"ஏன்?"

"அந்தச் சத்தம் தொல்லையா இருக்குன்னு சொன்னாங்க."

"யாரு?"

"கார் வாங்கறவங்க."

"நாங்க சொல்லலயே" என்றாள்.

அத்தான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். பென்சில் டப்பாவை மூடினாள். "எங்கேம்மா போற, சாப்பாடு ஆயிடுச்சு" என்றாள் அவன் மனைவி. பிள்ளை அப்பாவுக்கு ஓரடி தள்ளிப் போய் நின்றாள். அவர் கையை நீட்டவில்லை; நீட்ட அவருக்குத் தைரியம் இல்லை.

"எந்திரிப்பா" என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

செருப்பு மாட்டும் வரை அவள் மாமா பக்கம் திரும்பவில்லை. பையைத் தூக்க அவன் குனிந்தபோது, தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.