கேக் மாஸ்டர் வெட்டிய கிழங்கு

கேக் மாஸ்டருக்குக் கல்யாணமாகி இன்னும் புது மெருகு போகவில்லை. ஆனால் அவருக்கு முன்னாலேயே அவர் மனைவிக்கு ஒரு செல்லம் இருந்தது. தொட்டியில் ஒரு செடி. பாம்புத்தோல் மாதிரிப் புள்ளி போட்ட ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் குடை விரித்தாற்போல ஒரே ஒரு இலை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்த மகராசி, புகுந்த வீட்டுக்கு வரும்போது நகைப்பெட்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் இலை பழுத்து விழுந்தது. அவளோ அலட்டிக்கொள்ளாமல் மண்ணுக்கடியில் இருந்த கிழங்கைத் தோண்டி, காற்றாட இருக்கட்டும் என்று வெங்காயக் கூடையில் வைத்தாள். கொஞ்ச நாள் தூங்கி எழுந்து அது மறுபடி முளைக்கும். இதையெல்லாம் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாஸ்டர் பாவம், செடி செத்தே போச்சு என்று நினைத்துவிட்டார். இவளை எப்படித் தேற்றுவது? விடுமுறை நாளில், அவள் கடையிலிருந்து வருவதற்குள் வாய்க்கு ருசியாக ஏதாவது செய்து வைப்போம் என்று அடுப்படிக்குள் நுழைந்தார். கூடையில் கொழுகொழுவென்று ஒரு கிழங்கு. உருண்டையாக எதைக் கண்டாலும் அவருக்கு அது கேக்தான். நடு உச்சியில் கத்தியை வைத்து விளிம்பு வரை இழுத்து, எட்டுத் துண்டு போட்டார். கை அரிக்க ஆரம்பித்தது.

சொறிந்துகொண்டு நிற்கையில் அவள் வந்தாள்.

“கூடையில இருந்த கிழங்கு எங்க?”

“இதோ. உனக்கு வறுத்துத் தரலாம்னு...”

“அது என் செடிங்க.”

மாஸ்டர் சொறிவதை நிறுத்தினார். “நாலு திட்டு திட்டிடும்மா. மனசுல வெச்சுக்காத.”

அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“முளை உச்சியில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். வெட்டினா எல்லாத் துண்டுலயும் அதுல கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கணும். நீங்க வெட்டினதுல அது சரியா வந்திருக்கு. ஒண்ணைப் பலதாக்கணும்னு எத்தனை வருஷமா கத்தியை எடுத்துட்டு உக்காந்திருக்கேன் தெரியுமா? செத்துட்டா என்ன பண்றதுன்னு திரும்ப வெச்சிடுவேன்.”

“இப்ப சாகாதா?”

“தெரியாது. முதல்ல வெட்டு வாய் காயட்டும்.”

காய வைத்து, சாம்பல் தடவி, மாஸ்டர் கொண்டுவந்த பழைய கேக் டின்களில் ஓட்டை போட்டு நட்டார்கள். அதன் பிறகு அந்த மனுஷனுக்கு நிம்மதி ஏது? விடிந்ததும் பல்கூடத் தேய்க்காமல் டின்களின் முன்னால் குத்த வைத்துவிடுவார். ஒரு மழைக்குப் பின் முதல் முளை ஊசியாக எட்டிப் பார்த்தது. அன்றைக்கு பேக்கரியில் எல்லோருக்கும் இனாமாக பன். ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் குடை விரித்தன. கடைசிச் சோம்பேறியும் எழுந்தபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வாரம் அவள் அண்ணன் வந்தார். “அட, இத்தனையா? எனக்கு ஒண்ணு குடும்மா.”

அவள் சரி என்று வாயெடுப்பதற்குள் மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார்.

“கேக் வேணும்னா முழுசா எடுத்துட்டுப் போங்க மச்சான். இதுல மட்டும் கை வைக்காதீங்க.”

அவள் காபி போடப் போனாள். மாஸ்டர் டம்ளரில் மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி கூடவே விழுந்தது.