வெர்லின் வெட்டிக்கொடுத்த சாலையோரம்

அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றிய வாரத்தில்தான் எங்கள் வீட்டுச் சாலையோரப் புல் வெட்டப்பட்டது. யார் வெட்டியது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அமெரிக்காவின் அயோவாவில், எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால், அவருடைய வேலையை அக்கம்பக்கத்தார் சொல்லாமலே செய்துவிட்டுப் போவார்கள். அடுத்த பண்ணை வெர்லின் ஹாகனுடையது.

நான் மாவட்டச் சாலைத்துறையில் தற்காலிக ஊழியர்; மாலையில் தாவரவியல் வகுப்புக்குப் போகிறேன். போன வருடம் எங்கள் துறை ஓர் ஒப்பந்தத்தில் தானாக முன்வந்து சேர்ந்தது. சாலையோரமும் மின்கம்பிப் பாதையும் வைத்திருப்பவர்கள் அதில் ஒரு பங்கை மோனார்க் பட்டாம்பூச்சிக்காக விட்டுவைப்பார்கள். அங்கே உறைபனி விழும்வரை வெட்டக் கூடாது, மருந்தடிக்கக் கூடாது. அந்தப் பூச்சி பின்னால் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறினாலும், அரசு அதற்கு மேல் எதுவும் கேட்காது.

மோனார்க்கின் புழு பால்செடியைத் தவிர வேறெதையும் தின்னாது. விவசாயிகளுக்கு அது வெறும் களை. மாவட்டக் குழுவினர் ஒப்பந்தத்தில் நீடிப்பதா விலகுவதா என்று முடிவெடுக்கும் முன், வியாழக்கிழமை ஓரிடத்தை நேரில் பார்ப்பதாக இருந்தது. என் மேலதிகாரி லோர்னா என்னைத்தான் இடம் சொல்லச் சொன்னார். எங்கள் வீட்டு ஓரத்தைச் சொன்னேன். சொந்த வீடு என்பதால் சொல்கிறேனோ என்ற சந்தேகத்தில் மற்ற இடங்களையும் மறுபடி எண்ணிப் பார்த்தேன். பால்செடி எங்கள் ஓரத்தில்தான் அடர்த்தி.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, ஓரம் முழுவதும் கம்பளம்போல வழவழவென்று கிடந்தது. நடுவே எங்கள் துறை நட்ட 'வெட்டாதீர்கள்' என்ற பலகை மட்டும் நின்றது. அதைச் சுற்றிக்கூட ஒழுங்காக வெட்டியிருந்தார். வாடிய இலைகளின் மேல் சில புழுக்கள் இன்னும் தின்றுகொண்டிருந்தன. மாற்றி வைக்க வேறு செடி இல்லை. சாலையின் இருபுறமும் சோளம்.

வேறு இடம் காட்டட்டுமா என்று லோர்னா கேட்டுப் பார்த்தார். குழுவினர் ஒப்புக்கொள்ளவில்லை, வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். யார் வெட்டியது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பெயரைச் சொன்னால் வெர்லின் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். பிறகு அப்பா தேவாலயத்தில் அக்கம்பக்கத்தார் முன் தலைநிமிர முடியாது.

குழுத் தலைவர் பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "உன் வீட்டு வாசலையே உன்னால காப்பாத்த முடியல. நீ மாவட்டம் பூரா காப்பாத்தப் போறியாம்மா?"

அன்று மாலையே வாக்கெடுத்து, ஒப்பந்தத்திலிருந்து விலகுவதென்று முடிவுசெய்தார்கள். விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் விருப்பப்பட்டால் விலகலாம். ஒப்பந்தத்திலேயே அப்படி இருக்கிறது. லோர்னா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெர்லினுக்கு என்ன கொண்டுபோய்க் கொடுத்தாய் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

"மனுஷன் தன் டீசலைப் போட்டு வெட்டியிருக்கான். புளிப்பு ருபார்ப் தண்டு போட்டு ஒரு கேக் பண்ணி எடுத்துட்டுப் போ. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போகாதே."

எடுத்துக்கொண்டு போனேன். வெர்லின் சமையலறையில் உட்காரச் சொல்லி, அப்பாவின் இடுப்பைப் பற்றி விசாரித்தார். பலகையைப் பார்க்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"பாத்தேனே. சாஞ்சு கிடந்துது, நிமித்தி வெச்சேன். அது மாவட்டத்து ஆளுங்களுக்குப் போட்டதுதானேம்மா, நமக்கில்லையே. உங்கப்பன் படுத்துக் கிடக்கிற நேரம் பாத்து வெட்டாம விட்டிருக்கானுங்க. பாக்கவே அசிங்கமா இருந்துது."

நன்றி என்றேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. கேக்கில் ஒரு துண்டு வெட்டி என் பக்கம் நகர்த்தினார்.

"நீயும் அங்கதான வேலை பாக்கறே? கொஞ்சம் சொல்லக் கூடாதா அவனுங்க கிட்ட?"

"இனிமே வெட்டுவாங்க," என்றேன்.